கீழே உட்காருவதுண்டா? பதினைந்து வயது இடுப்பு மூட்டோடு புனே போய் வந்தது

இந்தப் பொங்கல் விடுமுறையில், 2008 ஜனவரியில், நானும் மனைவி விஜயாவும் அரக்கோணத்திலிருந்து புனே போய் வந்தோம். சுற்றுலா இல்லை. கோட்டை, கணபதி கோயில், பாகர்வடிப் பலகாரம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே திரும்பிக்கொள்ளலாம். என் இடது இடுப்பில் இருக்கும் செயற்கை மூட்டுக்குப் பதினைந்து வயதாகிறது. அதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று வைத்தவரிடமே கேட்கப் போனோம். என்னைப்போல இடுப்பில் இரும்போடு ரயில் ஏறப்போகிறவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் என்னைப் பற்றி. புனேயை ஒட்டிய கட்கியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தேன். மேஜைக்கு வரும் ஒவ்வொரு உருப்படியும் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அளந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம். சரியாக இருந்தால் அடுத்த மேஜைக்குப் போகும், இல்லையென்றால் சிவப்புப் பெயிண்ட். வேலையை விட்டுப் பத்து வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. பால் பாக்கெட்டை எடை போட்டுப் பார்ப்பேன். "சந்தேகப் பிராணி" என்பாள் விஜயா.

இப்படிப்பட்டவன் ஏமாந்தது ஒரே ஒரு இடத்தில். எண்பதுகளின் கடைசியில் எனக்கு மூச்சிரைப்பு அதிகமாக இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு வைத்தியரிடம் மூன்று வருடம் பொடி வாங்கிச் சாப்பிட்டேன். இரைப்பு மாயமாக நின்றது. பொடியில் அவர் கலந்தது ஸ்டீராய்டு என்பது இடது தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்று, அது சுண்ணாம்புக் கட்டியாக உதிர ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. நான் அளந்து பார்க்காமல் வாங்கிய கடைசிப் பொருள் அந்தப் பொடி.

1993 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில், புனேயில் ஆபரேஷன். எலும்பின் தலையை வெட்டிவிட்டு எஃகுப் பந்து, அது உட்கார ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிடித்து வைக்க ஒரு வகை சிமெண்ட். செய்தவர் ஒரு மராட்டி டாக்டர். வெட்டியிருந்த பக்கத்து எலும்பைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். உயிரோடு இருக்கும்வரை என்றார்.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். அதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. நான் புனேயில் இருந்த வரை வருடத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லி, நடக்கவிட்டுப் பார்த்து, ஒரு பெரிய ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். பணம் வாங்கவில்லை. 1998இல் வேலையை விட்டு அரக்கோணம் வந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பதில் எழுதக் கூடவே இன்னொரு கார்டு ஒட்டிய தபால் கார்டு வரும். அதில் ஐந்து கேள்விகள். வலி உண்டா? கைத்தடி உண்டா? எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? மாடிப்படி ஏறுகிறீர்களா? கீழே உட்காருவதுண்டா? தன் கைக்காசைப் போட்டு ஒரு டாக்டர் எதற்குக் கார்டு அனுப்ப வேண்டும்? என் பெயரைக் காட்டி ஆள் பிடிக்கிறார் என்று முடிவு செய்தேன். ஆனாலும் பதில் எழுதினேன். இல்லை, இல்லை, மூன்று கிலோமீட்டர், ஆம், இல்லை.

போன நவம்பரில் எங்கள் ஊரில் இலவச எலும்பு முகாம் ஒன்று நடந்தது. இலவசம் என்றாலே நான் தூர நிற்கிறவன். விஜயா இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிமெண்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது, மூட்டு கழன்றுகொண்டிருக்கிறது, உடனே மாற்றுவது நல்லது என்றார். எனக்கு ஒரு வலியும் இல்லை. அதைச் சொன்னேன். வலி வரும்வரை காத்திருந்தால் எலும்பே மிஞ்சாது என்றார். சென்னை ஆஸ்பத்திரி ஒன்றின் பெயர் போட்ட தாளையும் கொடுத்தார். ஒரு லட்சத்து எண்பதாயிரம், அறை வாடகை சேர்த்து. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறு ஆபரேஷன் முதல் ஆபரேஷன் மாதிரி இல்லை. பழைய சிமெண்டைக் கொத்தி எடுக்க வேண்டும், எலும்பு உடையலாம், கால் குட்டையாகலாம். ஐம்பத்தோரு வயதில் இதைச் செய்துகொண்டால் எழுபதில் மூன்றாவது முறை செய்ய எலும்பு இருக்குமா? செய்யாமல் விட்டு ஒருநாள் நடுத்தெருவில் விழுந்தால்? புனே டாக்டருக்குப் போன் செய்தேன். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்று இப்போது ஔந்தில் கிளினிக் வைத்திருக்கிறார். பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒரு ஃபிலிமைப் பார்த்து நான் எதுவும் சொல்லமாட்டேன் என்றார். பழைய ஃபிலிம்கள் புனேயிலேயே சாங்வியில் விஜயாவின் அண்ணன் குமார் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. இருக்க வேண்டும்.

அரக்கோணத்தில் மதியம் ஒன்று ஐந்துக்கு மும்பை வண்டி ஏறினோம். புனேவுக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு ஆயிரத்து இருபது ரூபாய். எனக்குக் கிடைத்தது நடு பெர்த். இடுப்பு மாற்றியவர்கள் நடு பெர்த்தில் ஏறவே கூடாது, காலை மடக்கி முறுக்கித்தான் ஏற முடியும். கீழ் பெர்த்தில் இருந்த குண்டக்கல்காரர் கேட்காமலே மாற்றிக்கொண்டார். எதற்கு இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று பையைத் தலைக்கடியில் வைத்துப் படுத்தேன். மனிதர் விடியும் முன்பே குறட்டையோடு சோலாப்பூரைத் தாண்டிவிட்டார். என் பையில் ஒன்றும் குறையவில்லை.

கழிப்பறை விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்கிறேன். பெட்டிக்குள் ஏறியதும் வெஸ்டர்ன் கழிப்பறை எந்தக் கோடியில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் பெட்டியில் தண்ணீர் வந்தது ஒரு கோடியில் மட்டும்தான். காலை ஆறு மணிக்கு அங்கே க்யூ.

வண்டி நாற்பது நிமிடம் தாமதம். எட்டு ஐம்பதுக்குப் புனே. நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள். ஸ்டேஷன் வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் சட்டம் ஒன்று நிறுத்தியிருக்கிறார்கள். நான் நுழைந்ததும் கூவியது. சட்டைப்பையிலிருந்து ஆபரேஷன் சர்டிபிகேட்டை எடுத்துத் தயாராக நின்றேன். காவலர் டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை நினைத்து நான் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

புனே ஆட்டோவில் மீட்டர் காட்டுவது கட்டணம் இல்லை. டிரைவர் ஒரு அட்டை வைத்திருப்பார், மீட்டர் எண்ணுக்கு நேரே உள்ள தொகையைக் கொடுக்க வேண்டும். அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாங்விக்குக் கட்கி வழியாகப் போவதுதான் குறுக்கு, பதினோரு கிலோமீட்டர். டிரைவர் யுனிவர்சிட்டி பக்கம் திருப்பினார். ஏன் சுற்றுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டேன். கட்கிப் பாலத்தில் இந்த நேரத்தில் போனால் மதியம்தான் போய்ச் சேருவீர்கள் என்றார். மனதுக்குள் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன். தொண்ணூற்று இரண்டு ரூபாய் ஆனது. மச்சானிடம் முறையிட்டபோது, அந்த வழி ஒரு மாதமாக அடைப்பு, டிரைவர் சொன்னது சரி என்றார். ஒருநாளைக்குள் இரண்டு பேர் யோக்கியர்களாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

குமார் மச்சான் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பேச்சில் பாதி இந்தி. காப்பி கூட முடியவில்லை, நான் டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் பரணில் ஏறி, தூசியோடு பெட்டியை இறக்கிவைத்தார். உள்ளே பழுப்புக் கவர் இருந்தது. 1993 ஃபிலிம் நன்றாக இருந்தது. 1998 ஃபிலிமை எடுத்தால் மேல் பக்கத்தில் ஒரு பெரிய சதுரம் காணோம். கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டியிருந்தது. பெயர், தேதி, இடது கால் என்பதற்கான எழுத்து எல்லாம் அந்தச் சதுரத்தோடு போய்விட்டன.

மச்சான் தலையைச் சொறிந்தார். "அரே மாப்ள, தொண்ணூத்தொம்போதுல கிரகணம் வந்துதில்ல? எல்லாரும் எக்ஸ்ரே ஃபிலிம் வெச்சிப் பார்க்கறாங்கன்னு பில்டிங்ல பசங்க வந்து கேட்டாங்க. எலும்பு இருக்கற எடத்தைத் தொடலை, கறுப்பா இருக்கற எடத்தைத்தான் வெட்டினேன். ஸம்ஜா கரோ, புரிஞ்சிக்கங்க."

"பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"கஹாங்? எங்க பார்த்தாங்க? ஆகஸ்ட் மாசம், முழுக்க மேகம். சூரியனே வெளிய வரலை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கவரைப் படாரென்று மூடினேன். என் இடுப்பில் கத்தி வைப்பதா வேண்டாமா என்று சொல்லப்போகிற ஒரே சாட்சி அது. அதன் பெயரையும் தேதியையும் வெட்டி, தெரியாத சூரியனைப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். (எக்ஸ்ரே ஃபிலிம் வைத்துக் கிரகணம் பார்ப்பது கண்ணுக்கும் கெடுதல். அதற்கென்று கண்ணாடி விற்கிறார்கள்.) விஜயா அண்ணனுக்காகப் பரிந்து பேசினாள். நான் அந்த ஃபிலிம் என்னுடையதுதானா என்றே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன்.

மத்தியானம் பழைய கட்கி சிநேகிதர்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள். மச்சான் ஹாலில் ஜமக்காளம் விரித்து, ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்கியில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமை தோறும் பஜனை செய்வோம். ஆர்மோனியம் நான். ஆபரேஷன் ஆன முதல் வருடம் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலில் பெட்டியை வைத்து வாசித்தேன். சாமி படம் தரையில் பலகையில் இருக்கிறது, பாடுகிற பெரியவர்கள் தரையில் இருக்கிறார்கள், நான் மட்டும் மேலே. எனக்கே உடம்பு கூசியது. ஒருநாள் மெதுவாக இறங்கிச் சம்மணம் போட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. அப்புறம் நாற்காலி பக்கம் போகவே இல்லை. அரக்கோணத்திலும் அதேதான், வாரம் ஒருநாள், மூன்று மணி நேரம், பதினான்கு வருடமாக. அன்றைக்குச் சாங்வியிலும் உட்கார்ந்தேன்.

கார்டில் கேட்ட ஐந்தாவது கேள்விக்கு நான் எழுதியது பொய். மற்ற நான்கும் நிஜம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஔந்த். சாங்வியிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டினால் மூன்று கிலோமீட்டர்தான். முதலில் டாக்டர் சொன்ன இடத்தில் புது எக்ஸ்ரே எடுத்தோம், இருநூற்றைம்பது ரூபாய், அரை மணி நேரம். ஃபிலிம் ஈரம் காயும் முன்பே என் பெயர், தேதி, இடதுபக்க எழுத்து மூன்றையும் சரிபார்த்து வாங்கினேன். அந்தக் கடை டாக்டருடைய உறவுக்காரருடையதாக இருக்குமோ என்று விஜயாவிடம் மெதுவாகக் கேட்டேன். கடைக்காரர் குஜராத்திக்காரர்.

கிளினிக் தெருவைவிட உயரம், வாசலில் ஏழு படி. எலும்பு டாக்டருக்கு எதற்குப் படி என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்தது. படி ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நொண்டவில்லை என்றார். அதற்குத்தான் படியா என்று எனக்கு அடுத்த சந்தேகம்.

அவர் என்னைப் படுக்கவைத்து, காலைத் தூக்கி, திருப்பி, மடக்கிப் பார்த்தார். சாக்ஸைக் கழற்றி, பாதத்தைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று ஃபிலிம்களையும் வரிசையாக லைட் பெட்டியில் மாட்டினார். வெட்டுப்பட்ட ஃபிலிமைப் பார்த்ததும் சிரித்தார், கிரகணமா என்று கேட்டார். இது அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. இது என்னுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டேன். அவர் கம்பி முடிச்சைக் காட்டினார். இடதுகைக்காரர் அவர், முறுக்கும் இடதுகை முறுக்கு. மூன்று படத்திலும் அதே முடிச்சு அதே இடத்தில் இருந்தது. வேறு யாருடைய இடுப்பிலும் இப்படி இருக்காது என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் முதல்முறையாக எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. எங்கள் பிரிவில் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு ஃபிலிமிலும் அளந்தார், அதே இடத்தை இரண்டு முறை. அந்தக் கறுப்புக் கோடு 1998 ஃபிலிமிலும் இருந்தது. பத்து வருடத்தில் அது அகலமாகவில்லை. அரக்கோணம் டாக்டரைத் திட்டாதீர்கள் என்றார். அவர் கையில் ஒரே ஒரு ஃபிலிம்தான் இருந்தது, ஒரு ஃபிலிமில் கோடு மட்டும்தான் தெரியும், அது வளர்கிறதா நிற்கிறதா என்று தெரியாது. நான் அந்தப் பையனுக்கு இரண்டு மாதமாக மனதுக்குள் வைத்திருந்த பெயரை எடுத்துவிட்டேன்.

எழுந்து சட்டையை மாட்டப்போனேன். உட்காருங்கள், இன்னும் இருக்கிறது என்றார். கிண்ணத்தைக் காட்டினார். பந்து முன்பிருந்த இடத்தில் இல்லை, ஒரு பக்கமாகப் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டு நகர்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அவர் பேசியது இந்தியில், என் பாஷையில் தருகிறேன்.

"கோடு பத்திக் கவலை இல்லை. இந்தத் தேய்மானம் பத்திக் கவலை. இவ்வளவு தேயக் கூடாது. இதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, அந்தக் காலத்துல வந்த இந்தக் கிண்ணமே சரியில்லை, தானாத் தேயுது. அப்படின்னா நிறுத்த முடியாது, இந்த வருஷமே திறந்து மாத்தறதுதான் நல்லது. இன்னொண்ணு, நீங்க காலை மடக்கி உட்காரறீங்க, உட்காரும்போது பந்துக்குக் கீழே இருக்கற உலோகக் கழுத்து கிண்ணத்து விளிம்புல இடிச்சித் தேய்க்குது. அப்படின்னா உட்காரறதை நிறுத்தினாத் தேய்மானம் குறையும். திறக்க வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்க்கலாம்." லைட் பெட்டியை விட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார். "கீழே உட்காருவதுண்டா?"

விஜயா மின்விசிறியைப் பார்த்தாள். ஜனவரிக் குளிரில் அது ஓடக்கூட இல்லை.

எனக்கு என்னென்னவோ தோன்றியது. உண்மையைச் சொன்னால், சொல்பேச்சுக் கேட்காதவன் என்று கைகழுவிவிடுவாரோ? இது என்னை மடக்கப் போடும் கேள்வியோ? இல்லை என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்ச் சத்தமில்லாமல் நாற்காலிக்கு மாறிவிட்டால் என்ன? அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் அந்த மனிதர் என்னை நம்பி என் இடுப்பைத் திறப்பார். நல்ல கிண்ணத்துக்கு நானே சிவப்புப் பெயிண்ட் அடித்து அனுப்புகிறேன். பதினெட்டு வருடம் நான் செய்த வேலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. வெட்கத்தில் காது சுட்டது.

"உண்டு, சார். வாராவாரம்" என்றேன். பஜனையைச் சொன்னேன், ஆர்மோனியத்தைச் சொன்னேன், முந்தின நாள் மச்சான் வீட்டு ஜமக்காளத்தையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து அந்த ரெஜிஸ்டரை எடுத்துவந்து பிரித்தார். என் பக்கத்தில் நான் எழுதி அனுப்பிய கார்டுகள் நூலால் கட்டியிருந்தன. ஒன்பது கார்டு, என் கையெழுத்தில் ஒன்பது 'இல்லை'. அதற்கு மேலே 1994லிருந்து 1998 வரை அவரே என்னைக் கேட்டு எழுதியவை. ஐந்தாவது கேள்விக்கு நேரே ஒவ்வொரு வருடமும் 'இல்லை என்கிறார்' என்று எழுதி, 1995லிருந்து பக்கத்தில் பென்சிலால் 'கணுக்காலில் அடையாளம் இருக்கிறது' என்று குறித்திருந்தார்.

என் இடது கணுக்காலின் வெளிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அங்கே நாலணா அகலத்துக்குத் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருக்கிறது. பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்கில் சம்மணம் போடுகிறவர்களுக்குத் தரையில் அழுந்துகிற இடம் அது.

"நாற்காலியில உட்காரறவனுக்கு இது ஒரே வருஷத்துல போயிடும். வந்தவங்க எல்லாரையும் நான் கேட்பேன், அப்புறம் கணுக்காலைப் பார்ப்பேன்" என்றார்.

தெரிந்தும் ஏன் கண்டிக்கவில்லை என்றேன். போலீஸ் வேலை என்னுடையது இல்லை, நீங்களே சொன்னால்தான் நிறுத்துவீர்கள் என்றார். என் கேஸைக் காட்டித்தானே புது ஆட்களுக்கு நம்பிக்கை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பத்து வருடத்துக்கு மேல் நல்லபடியாக ஓடிய மூட்டுகளின் பட்டியல் அது. நான் தேடினேன். என் பெயர் இல்லை. "உங்களை நான் சேர்க்கவே இல்லை. எந்தப் பதிலை நம்பறதுன்னு எனக்குத் தெரியலையே."

பதினைந்து வருடமாக என்னைக் காட்டிப் பிழைக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டவர், என்னை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் ஓரமாக வைத்திருக்கிறார். நான் எத்தனையோ உருப்படிகளை அப்படி ஓரமாக வைத்திருக்கிறேன். வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவர் பேனாவை எடுத்து, 2008க்கு நேரே, 'உட்காருகிறார், தானே சொன்னார்' என்று எழுதினார். ஜூலையில் புது ஃபிலிமோடு வர வேண்டும். தேய்மானம் நின்றிருந்தால் ஆபரேஷன் இல்லை, தொடர்ந்தால் உண்டு. அதில் பேரமே கிடையாது. கால் வெளிப்பக்கமாகத் திரும்பும்படி சம்மணம் போட்டதால்தான் பந்து கழன்று விழவில்லை, குந்தியிருந்தால் என்றைக்கோ விழுந்திருக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். ஃபீஸ் நூற்றைம்பது.

வெளியே வந்து படி இறங்கும்போது விஜயாவிடம், நீயாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன். நான் சொன்னா சந்தேகம், ஊரு சொன்னா சந்தேகம். உங்களுக்கு நீங்க சொல்றது மட்டுந்தான் சத்தியம்" என்றாள். எதிர்க்கடையில் இரண்டு வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன், ஒன்று ஆறு ரூபாய்.

இதே மாதிரி பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களைத் தூக்கிப் போடாதீர்கள், உறவினர் பரணிலும் விடாதீர்கள், புதியது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பழையதோடு வைத்துப் பார்த்தால்தான் பேசும். ஒரே ஃபிலிமைப் பார்த்து யாராவது உடனே மாற்ற வேண்டும் என்றால் அவரைத் திட்ட வேண்டாம், வைத்தவரிடமோ இன்னொருவரிடமோ பழையதைக் காட்டிக் கேளுங்கள். வலி இல்லையென்றாலும் வருடம் ஒரு தடவை காட்டுங்கள், பிளாஸ்டிக் தேய்வது வலிக்காது. ரயிலில் கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள், இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள். தங்கும் வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள், வெட்கம் வேண்டாம். எங்கள் இருவருக்கும் போக வர எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துச் சொச்சம் ஆனது.

போன சனிக்கிழமை பஜனைக்கு நாற்காலியும் ஸ்டூலும் தூக்கிக்கொண்டு போனேன். சாமி படத்துக்கும் ஒரு உயரமான பலகை கொண்டுபோனேன், அது என் நாற்காலியைவிட ஒரு சாண் உயரம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு வருடமாக நான் பயந்தது யாராவது சொல்லிவிடப்போகிற ஒரு சொல்லுக்குத்தான்.

டாக்டர் ஜூலையில் ஃபிலிமைப் பார்க்கும் முன்பே கணுக்காலைப் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் தினமும் குளிக்கும்போது அந்தக் கறுப்பு அடையாளத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறேன். இன்றைக்கு இருபத்திரண்டு மில்லிமீட்டர், நேற்றும் அதேதான். நான் எங்காவது வெளியே போய் வந்தால் விஜயாவும் ஒருமுறை குனிந்து பார்க்கிறாள். அவளுக்கு என்மேல் சந்தேகம். இருக்கட்டும், எனக்கும்தான்.